குறை அளவுப் புஷ்ராடுகள்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் ஊர் முழுக்க அவரை முத்திரை என்றுதான் சொல்லும். எடையளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறி இறங்கி, தராசுக்கும் படிக்கும் மீட்டர் கோலுக்கும் முத்திரை குத்தியே காலம் தள்ளிய மனிதர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் கல்லாவில் இருப்பவர்கள் சட்டென்று எழுந்து நிற்பார்கள். அதை மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தராசுத் தட்டுக்கு அடியில் ஒட்டிவைத்த மெழுகைப் பிய்த்தெடுக்கத்தான் எழுந்தார்கள் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். தெரிந்தும் அவள் சொன்னதில்லை, வீணாக ஒரு மனிதனின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

அவருக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு எல்லாம் அளந்துதான் கிடைத்தது. உப்பு கூடிவிட்டது என்று மற்ற ஆண்கள் சொல்வார்கள். இவர் எத்தனை சிட்டிகை கூடியது என்று சொல்வார். உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் கூட்டிப்போனால், எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றுகொண்டு, தன் எடை என்ன என்று கேட்கமாட்டார். இந்த மெஷினுக்குக் கடைசியாக எப்போது முத்திரை போட்டீர்கள் என்று கேட்பார். டாக்டர் பாவம், காய்ச்சலுக்கு மருந்து எழுதுவதா, மெஷினுக்குப் பதில் சொல்வதா என்று முழிப்பார்.

ஓய்வு பெற்றபோது துறை அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது. அது மெதுவாக ஓடுகிறது என்று மேடையிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு இறங்கினார். அதோடு நின்றிருந்தால் தேவலை. துறையின் பழைய கார் ஒன்று கிட்டங்கியில் தூசி பிடித்துக் கிடந்தது. எத்தனையோ பெரிய அதிகாரிகள் சவாரி செய்த கார், முன்னால் உருண்டை விளக்கும் நீளமான மூக்குமாக இருக்கும். அந்தக் கார் கிளப்பிய புழுதிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர் இவர். ஏலத்துக்கு வந்ததும் விடுவாரா? மகராசன், கேட்டவர் வேறு யாருமில்லாத ஏலத்தில் போட்டி போட்டு எடுத்துவிட்டார்.

எடுத்த புதிதில் அவளை முன் இருக்கையில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டிப்போனார். பாதி வழியில் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்புக்கோட்டில் நின்றது. முள்ளு செவப்புல நிக்குதுங்க என்றாள். அந்த மீட்டரை யார் சோதித்தது, முத்திரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் மிதித்தார். சோதிக்காத கருவியை நம்புவது அவர் கொள்கைக்கு ஒத்துவராது. கொஞ்ச தூரத்தில் மூடிக்குள்ளிருந்து புகை வந்து இன்ஜின் நின்றுவிட்டது. முத்திரை இல்லாத முள் சொன்னதுதான் உண்மை என்று இன்ஜினே எழுதிக் கொடுத்தமாதிரி ஆயிற்று.

காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு அவள் தம்பி வீட்டுக்குத்தான் போனார்கள். தம்பிக்கு வீட்டுக்குப் பின்னாலேயே லேத் பட்டறை. இன்ஜினின் மேல்பாகமான ஹெட் சூட்டில் வளைந்துபோயிருந்தது. அதைத் தட்டையாகும்வரை இழைத்துக் கொடுத்தான். நன்றாக வளைந்திருந்ததால் நிறையவே இழைக்க வேண்டியிருந்தது. முடித்தபின் எண்ணெய்க் கையோடு நின்று மாமாவிடம் என்னென்னவோ விளக்கினான். மாமா அப்போது காது கொடுக்கும் நிலையில் இல்லை. பட்டறையில் இருந்த அளவுக் கருவிகளையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதில் முத்திரை இருக்கிறது, எதில் இல்லை என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். ராடுகளைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன் என்று தம்பி சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்தது. ஏன் எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. கார் ஓடியது, வருஷக்கணக்கில் நன்றாகவே ஓடியது. ஓடுகிற காரைப் பற்றி யார் கேள்வி கேட்கப்போகிறார்கள்?

போன மாதம் இன்ஜினில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. முத்திரை கொட்டகையில் காரை நிறுத்தி, எங்கிருந்தோ தேடி வாங்கிவைத்திருந்த கம்பெனி மேனுவலை மட்கார்டில் விரித்துவைத்து, மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே வரிசையாக எட்டுப் புஷ்ராடுகள். பென்சில் பருமனில் எஃகுக் கம்பிகள். கீழே சுழலும் கேம் தள்ளுகிற தள்ளலை மேலே கொண்டுபோய்ச் சேர்த்து வால்வைத் திறப்பது அவைதான். அவற்றின் தலையில் இருக்கும் கிண்ணங்கள் தேய்ந்திருந்தன. சத்தம் அங்கிருந்துதான் வந்தது. புதிது வாங்கிப் போட்டால் தீர்ந்தது வேலை. வேறு எவராவது என்றால் அப்படியே போய் வாங்கியிருப்பார். இவர் முதலில் பழையதை அளந்தார். மேனுவலில் ஒரு நீளம் போட்டிருந்தது. எட்டுக் கம்பியும் அதைவிடக் குறைவாக இருந்தன. தேய்மானக் கணக்கைக் கழித்துப் பார்த்தார். அப்போதும் குறைவு, எட்டும் ஒரே மாதிரி குறைவு.

அவருக்கு மூக்கில் வேர்த்தது. ஓய்வுக்குப் பிறகு அந்த முகத்தில் இப்படி ஒரு களையை அவள் பார்த்ததே இல்லை.

“ஒன் தம்பி எனக்கே கொறச்சுக் குடுத்திருக்கான்” என்றார்.

அவள் தம்பிக்குப் பரிந்து பேசப் போனாள். அவன் அன்றைக்கே சொன்னானே, ராடைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன் என்று, ஒளித்தா செய்தான் என்று கேட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். பார்த்தாயா, அவனே ஒத்துக்கொண்டிருக்கிறான், அதற்குச் சாட்சி நீ என்று அவளையே தம்பிக்கு எதிராக நிறுத்திவிட்டார். ஒரு கம்பிக்கு இத்தனை என்றால் எட்டுக் கம்பிக்கு எத்தனை எஃகு மிச்சம் பிடித்திருப்பான் என்று கணக்கு வேறு போட்டார். அத்தனை எஃகையும் சேர்த்தால் ஒரு சட்டைப் பொத்தானுக்குக்கூடக் காணாது.

குறை அளவு பிடிபட்டால் துறையில் ஒரு முறை உண்டு. பறிமுதல் செய்ய வேண்டும், நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும், பிறகு அழித்துவிட வேண்டும். மளிகைக்கடைப் படிக்கு வைத்த சட்டத்தை மனிதர் மச்சினனுக்கு வைத்தார். அந்த வாரம்தான் தம்பி மகளைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தேதி குறித்தாயிற்று, எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து டீ கிளாஸ்களுக்கு நடுவில் பிரித்துவைத்தார். எண்ணெய்க் கறையோடு எட்டுக் கம்பிகள்.

“சொந்த அக்கா புருஷனுக்கே கொற அளவு. ஊர்க்காரனுக்கு என்ன போட்டுக் குடுக்கறானோ” என்றார், தெருக்கோடிக்குக் கேட்கும்படி.

மாப்பிள்ளையின் அப்பா மரக்கடைக்காரர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு கம்பியை எடுத்து உருட்டிப் பார்த்தார், ஏதோ புரிந்தமாதிரி. தம்பி வாயைத் திறந்தான். உள்ளறைக் கதவுப் பக்கம் மகள் நிற்பதைப் பார்த்தான். இதை அப்புறம் பேசிக்கலாம் மாமா என்று மட்டும் சொல்லிவிட்டு, காலிக் கிளாஸ்களைச் சேகரிக்க ஆரம்பித்தான். தன் வீட்டு நல்ல காரியத்தில் தானே கிளாஸ் பொறுக்கிய அந்த முதுகை அவளால் மறக்கவே முடியவில்லை.

அன்றைக்கு அவளுக்குப் புருஷனைப் பிடிக்கவில்லை. கொஞ்சநஞ்சமல்ல, துளிக்கூடப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் கொட்டகைக்குப் போய், எட்டுக் கம்பியையும் பிடிகிராவில் மாட்டி ரம்பத்தால் ஒவ்வொன்றாக இரண்டாக அறுத்தார். முறைப்படி அழித்தாயிற்று. அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். கல்யாணத்துக்குள் அந்தப் பேச்சை நாலு பேர் முன்னால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தம்பி பெண் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

“சரியான அளவு ராடு வாங்கிப் போட்டு, அதே கார்ல கல்யாணத்துக்கு வரேன். யாரு சரின்னு அப்ப எல்லாரும் பாக்கட்டும்” என்றார் அவர்.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் அந்த முயலைக் காரில் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறேன் என்கிறார். கார் கிளம்பினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும், தம்பி ஆயுசுக்கும் திருடன். அன்றிலிருந்து அவள் அந்தக் கார் கிளம்பக் கூடாது என்று வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் கடைக்கு அவளையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கடைக்காரரை ஒரு காலத்தில் போல்ட்டு நட்டு நிறுக்கும் தராசுக்காக அவர் பிடித்திருக்கிறார். கடைக்காரர் அதை மறந்ததாகத் தெரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, கும்பிடாத குறையாக உபசரித்தார். அந்த மரியாதையைப் பார்த்ததுமே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

என்ன வருஷத்து இன்ஜின் என்று கேட்டார் கடைக்காரர். மேனுவலைப் பார்த்து முத்திரை சொன்னார். உள்ளே துளை உள்ள குழாய் ராடா, கெட்டி ராடா என்று கேட்டார். அதையும் சொன்னார். கீழ்முனை உருண்டையா, மேல்முனை கிண்ணமா, கிண்ணத்தின் வாய் எவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க, பரீட்சையில் முதல் வரிசையில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி இவர் டக் டக்கென்று பதில் சொன்னார். எல்லாம் சரிதான். கடைசியாகக் கடைக்காரர் நகத்தைப் பார்த்துக்கொண்டே ஒன்று கேட்டார்.

“ஹெட்ட எப்பவாவது எழச்சிருக்கீங்களா சார்? இன்ஜின அளந்து பாத்துட்டு வாங்கறது நல்லது.”

முத்திரைக்கு முகம் சிவந்துவிட்டது. கம்பெனியே அச்சடித்துக் கொடுத்த அளவு இங்கே இருக்கும்போது நீ யார் எனக்கு அளக்கச் சொல்ல என்று எகிறினார். கேட்ட நீளத்தைக் கொடு போதும் என்றார். சார் சொன்னால் அப்பீல் ஏது என்று கடைக்காரர் குனிந்து, கம்பெனி முத்திரையோடு சீல் உடைக்காத பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அவர் சிரித்த சிரிப்பை அவள் பார்த்தாள். சிலர் பதிலடி கொடுப்பதற்கு எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறார்கள் பாருங்கள்.

மறுநாள் காலையிலேயே மாட்ட ஆரம்பித்தார். அவள் மேனுவலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு ராடையும் இறக்கும்போது இப்பப் பாரு, இப்பப் பாரு என்று சொல்லிக்கொண்டார். மேலே, வால்வை அமுக்கும் ராக்கரை வைத்து முடுக்கியதும் இடைவெளி சரிசெய்யும் திருகைத் திருப்பினார். இடைவெளியே இல்லை. திருகைத் தளர்த்திக்கொண்டே போனார், கடைசி மரை வரைக்கும் தளர்த்தினார். அதற்கு மேல் தளர்த்தத் திருகு இல்லை. ஆனாலும் வால்வுகள் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

முன்னால் போய், இன்ஜினைக் கையால் கிளப்பும் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார். இன்ஜினுக்கு உயிர் இருந்தால் கைப்பிடி எதிர்த்து நிற்கும். இது தண்ணீர் இல்லாத கிணற்று ராட்டினம் மாதிரி லேசாகச் சுற்றியது. வால்வு மூடாவிட்டால் உள்ளே காற்று எப்படி இறுகும்? புஸ் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டதே தவிர ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வேர்த்து விறுவிறுத்து நிற்கும் புருஷனைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சந்தோஷம்தான் கொஞ்சம் கூடுதல்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடை மேஜையிலேயே தன் சொந்த அளவுகோலை வைத்து எட்டையும் அளந்தார். மயிரிழை பிசகவில்லை. வேறு பெட்டி உடைக்கச் சொன்னார். அதுவும் அப்படியே. இப்படி ஒரு இக்கட்டு அவர் உத்தியோகத்தில் வந்ததே இல்லை. பொருள் சரியாகவும் இருக்கிறது, வேலைக்கும் ஆகவில்லை. யார் மேல் வழக்குப் போடுவது?

“அளவு சரியா இருந்தா நீங்களே கடைக்காரன விட்டுருவீங்களே சார்” என்றார் கடைக்காரர், அதே மரியாதையோடு.

வீட்டுக்கு வந்தவர் வெகுநேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கம்பி குற்றவாளி இல்லை என்றால் மிச்சமிருப்பது இன்ஜின்தான். அது எங்கே ஏமாற்றுகிறது என்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவுசெய்து, ஹெட்டைக் கழற்றித் துடைத்துப் பலகையில் வைத்து வெர்னியரை எடுத்தார். கம்பெனிக்காரனே குறைத்துவிட்டான் என்று கண்டுபிடித்தால்கூட அவருக்கு மனசு ஆறியிருக்கும். அவள் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அளந்தார். மேனுவலைப் புரட்டி ஹெட்டின் கனம் எவ்வளவு என்று பார்த்தார். மறுபடி அளந்தார். உள்ளே வந்து, பெட்டியில் இருந்த இன்னொரு வெர்னியரை எடுத்துக்கொண்டு போனார். திரும்பவும் அளந்தார். பிறகு கீழே கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார்.

கொட்டகைக்கு டீ கொண்டுபோனபோது பலகையில் சாக்கட்டியால் இரண்டு எண்கள் எழுதியிருந்தன. ஹெட் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது ஒன்று, அறுத்துப்போட்ட ராடுகள் எவ்வளவு குறைவாக இருந்தன என்பது மற்றது. இரண்டும் ஒரே எண். வால்வுகள் உட்கார்ந்திருக்கும் இடமே கீழே இறங்கிவிட்டால், அதைத் தொடுகிற கம்பியும் அதே அளவுக்குக் குட்டையாகத்தானே இருக்க வேண்டும். அவளுக்கே அது விளங்கியது. குறைத்துக் கொடுத்தவன் ஏமாற்றவில்லை, மாமா பொசுக்கிய இன்ஜினுக்குத் தக்கபடி கணக்காகச் செய்துகொடுத்திருக்கிறான். வளைந்த கரண்டியைப் பார்த்தால்கூட வீடு முழுக்க அறிவிக்கும் மனிதர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. டீ ஆறி ஆடை கட்டிப்போனது.

அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதை அவள் வாயிலிருந்து வரவழைத்துவிட்டு, பிறகு அதில் ஒரு ஓட்டை கண்டுபிடித்துத் தப்பித்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியாதா? சொல்ல வேண்டியவர் அவர். ஊரில் எத்தனையோ லேத் பட்டறை இருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டுபோய் எங்கே கொடுத்தாலும் எட்டுக் கம்பி செய்துகொடுப்பார்கள், காரும் கிளம்பிவிடும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. தன் புருஷன் அந்த வழிக்குப் போய்விடுவாரோ என்றுதான் அவள் பயந்தாள். குறை அளவுக்காரர்கள் எல்லாரும் முதலில் அப்படித்தானே ஆரம்பித்திருப்பார்கள்.

கல்யாண வேலைக்காகத் தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது பெட்டியோடு கொட்டகை வாசலில் நின்றாள்.

“நான் முன்னாடி போறேன். நீங்க வரதா இருந்தா கார்ல வரணும்னு ஒண்ணும் இல்ல. ஆனா வந்தா, வெறுமனே வராதீங்க” என்றாள்.

அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் தம்பி வீடு உறவுக்காரர்களால் நிரம்பி வழிந்தது. இடம் போதாமல் பட்டறையையும் கூட்டிப் பெருக்கி, லேத்தின்மேல் துணியைப் போர்த்தி, நாற்காலிகளை அங்கே போட்டிருந்தார்கள். அவள் ஒரு மூலையில் இரவல் வாங்கிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை, தனியாகத்தான் வந்தாயா என்று கல்யாணப் பெண் காலையிலிருந்து கேட்கவில்லை. கேட்காததுதான் அவளுக்கு உறுத்தியது. மாப்பிள்ளையின் அப்பா வந்து, சாமான்கள் ஏற்ற எத்தனை வண்டி வேண்டும் என்று தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் தம்பி சொன்ன எண்ணிக்கையை அவர் ஒவ்வொரு தடவையும் இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

அப்போதுதான் பின்பக்க வழியாக முத்திரை உள்ளே வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார் என்பது கசங்கிய சட்டையிலேயே தெரிந்தது. கக்கத்தில் மேனுவல். இன்றைக்கு என்ன பொட்டலத்தைப் பிரிக்கப்போகிறாரோ என்று உறவுக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நேராகத் தம்பியிடம் போய் நின்றார். எட்டுப் புஷ்ராடு வேண்டும், நீதான் செய்துதர வேண்டும் என்றார். குரலே எழும்பவில்லை.

தம்பி அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கேட்டான்.

“என்ன நீளம் மாமா? அந்த புஸ்தகத்துல போட்டிருக்கற நீளமா?”

“இல்ல” என்றார். “நீ முன்ன போட்ட நீளம்.”

தம்பியின் முகம் இளகிவிட்டது. அவன் நல்லவன், அதோடு விட்டிருப்பான். சரி மாமா என்று சொல்லக்கூட ஆரம்பித்துவிட்டான். ஆனால் மரக்கடைக்காரர் வண்டிக் கணக்கில் குனிந்திருந்தார், அவர் காதில் எதுவும் விழவில்லை. அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டோடு எழுந்தாள்.

“அன்னைக்கு இவ்வளவு மெதுவாவா சொன்னீங்க?” என்றாள்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மேனுவலைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார். பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும், கூடத்தில் இருந்தவர்களுக்கும், வாசலில் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

“இவன் போட்டதுதான் சரியான அளவு. கொறஞ்சது என் இன்ஜின். அதையும் நான்தான் கெடுத்தேன். இவன் மேல தப்பு இல்ல. நான் அளக்காமப் பேசிட்டேன்.”

மரக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த கல்யாணப் பெண் சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவள் அழுகிறாள் என்று அத்தைக்குத் தெரிந்தது, அழட்டும் என்று விட்டுவிட்டாள். கையில் இருந்த தட்டை அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, தன் சேலைத் தலைப்பால் துடைத்து, தம்பிக்குப் பக்கத்தில் அவருக்குப் போட்டாள்.